கார்டு புரட்டினால் கை பழகுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு அரை நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தும் சி.பி.ஆர். முறையை ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லித் தந்தார்கள். முறை போட்டுக்கொண்டு அழுத்தினோம், வியர்த்தோம், சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஏழெட்டு மாதம் கழித்து, கூட வந்த நான்கு பேரிடம் எத்தனை அழுத்தத்துக்கு எத்தனை மூச்சு என்று கேட்டேன். ஒருவர் 15-க்கு 2 என்றார், ஒருவர் 30-க்கு 2 என்றார், மற்ற இருவரும் 108-க்கு போன் போடுவேன் என்றார்கள். போன் போடுவது சரிதான், ஆனால் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்த ஆள் கிடப்பது அவர்கள் முன்னால்தான்.

அவர்கள் அக்கறை இல்லாதவர்கள் கிடையாது. ஒரே நாளில் மொத்தமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரு தடவைகூட யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இந்த மாதிரி மறதிக்கு மருந்தாக ‘ஸ்பேஸ்டு ரிப்பிட்டிஷன்’ என்ற பெயர் இப்போது நிறைய அடிபடுகிறது. தமிழில் ‘இடைவெளி விட்டுத் திருப்புதல்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பற்றிய பேச்சில் இரண்டு பக்கமும் குழப்பம் இருக்கிறது. ஒரு சாரார், இது பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற வேலை, கைத்தொழிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். இன்னொரு சாரார் ஆப் ஒன்றை இறக்கி, யாரோ தயாரித்த 2,000 கேள்வி-பதில் கார்டுகளைப் போட்டுத் தினமும் புரட்டினால் வேலை தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். அந்தப் பாதி எது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

தோசைக்கல்லைப் பழக்குவது போல

புது இரும்புத் தோசைக்கல் வாங்கினால் அன்றைக்கே யாரும் தோசை வார்ப்பதில்லை. எண்ணெய் தடவி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுநாள் மறுபடி தடவிச் சூடேற்றி என்று சில நாள் அதைப் ‘பழக்குவோம்’. அவசரமாக வேண்டும் என்று ஒரு லிட்டர் எண்ணெயைக் கொட்டி ஒரே நாளில் பத்து மணி நேரம் அடுப்பில் வைத்தால் கல் பழகாது, பிசுபிசுவென்று ஆகும். தடவுவதற்கும் தடவுவதற்கும் நடுவில் இருக்கிற ஆறும் நேரம் வேலையின் ஒரு பகுதி. நன்றாகப் பழகிவிட்ட கல்லுக்குத் தினமும் இந்தச் சிகிச்சை தேவையில்லை, எப்போதாவது ஒரு கவனிப்பு போதும்.

மூளைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு விஷயத்தை இன்றைக்கே பத்து தடவை பார்ப்பதைவிட, அதே பத்து தடவையைப் பல நாட்களுக்குப் பரப்பிப் பார்த்தால் அதிக காலம் நிற்கும். முதலில் இடைவெளி குறுகியதாக இருக்க வேண்டும். பழகப் பழக அதை நீட்டிக்கொண்டே போகலாம். இடைவெளி விட்டுத் திருப்புதல் என்பதன் மொத்தச் சாரமும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் அந்த இடைவெளியை எப்படிக் கணக்குப் போடுவது என்ற விவரம்.

மறதியை அளந்த ஒருவர்

இதை முதலில் முறையாக அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர். 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, சில நிமிடம், சில மணி நேரம், சில நாள் என்று விட்டுவிட்டு, அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். சோதித்தவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. சுமார் 20 நிமிடம் கழித்து மறுபடி படித்தபோது, முதலில் பிடித்த நேரத்தில் 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து மிச்சம் சுமார் 34 சதவீதம், ஒரு மாதம் கழித்துச் சுமார் 21. ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கி, பிறகு மெதுவாகச் சரியும் இந்தக் கோட்டுக்கு மறதிக் கோடு என்று பெயர்.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு ‘மனிதன் எதைப் படித்தாலும் ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடுவான்’ என்று போஸ்டர் போடுகிறார்கள். அது தவறு. அவர் படித்தது பொருளற்ற அசைகள், படித்ததும் ஒரே ஒருவர். பொருள் புரிந்து படித்த விஷயம் இவ்வளவு வேகமாகக் கரையாது. அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது அந்த 21 சதவீதத்தை. ஒரு மாதம் தொடாமல் விட்ட பிறகும் ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருந்து, மறுபடி கற்பதைச் சுலபமாக்குகிறது. அந்த மிச்சத்தின் மேல்தான் அடுத்த திருப்புதல் கட்டடம் கட்டுகிறது.

சரி, திருப்புவது என்றால் மறுபடி வாசிப்பதா? இல்லை. 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு இரண்டு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை இரண்டு முறை வாசிக்கவைத்தார்கள். இன்னொன்றை ஒரு முறை மட்டும் வாசிக்கவைத்து, தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை வாசித்ததுதான் முன்னால் நின்றது, 81-க்கு 75 என்ற சதவீதத்தில். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். இரண்டு முறை வாசித்ததில் 42, மூடிவைத்து எழுதியதில் 56. புத்தகத்தை மூடிவிட்டு மண்டையிலிருந்து இழுத்து வெளியே எடுக்கும் இந்த வேலைக்கு ‘நினைவுகூர்தல்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். எடுப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தால்தான் அது பதிகிறது. அதற்காகத்தான் கார்டு: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், நடுவில் நீங்கள் தேடும் அந்த நான்கைந்து வினாடி.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மறதி ஆரம்பத்தில் வேகமாக வரும், ஒவ்வொரு நல்ல திருப்புதலும் அதன் வேகத்தைக் குறைக்கும், அந்தத் திருப்புதல் வாசிப்பாக இல்லாமல் நினைவுகூர்தலாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை எப்போது?

இதற்கு ஒரு அட்டைப்பெட்டியே போதும் என்று காட்டியவர் செபாஸ்டியன் லைட்னர், 1970-களில் ஜெர்மனியில் எழுதிய பத்திரிகையாளர். பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கார்டு எல்லாம் முதல் அறையில். சரியாகச் சொன்ன கார்டு அடுத்த அறைக்கு நகரும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக அறைகளை அரிதாகத் திறந்தால் போதும். தெரிந்ததற்கு நேரம் குறையும், தடுமாறுவதற்கு நேரம் கூடும். இன்றைக்கும் மின்சாரமே தேவைப்படாத நல்ல முறை இது.

கணினியில் இதைக் கணக்காக்கியவர் போலந்துக்காரரான பியோட்டர் வோஸ்னியாக். 1987-இல் அவர் எழுதிய எஸ்.எம்.-2 என்ற கணக்கின்படி, சரியாகச் சொன்ன கார்டு முதலில் 1 நாள் கழித்து வரும், அடுத்து 6 நாள், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் முந்தைய இடைவெளியைச் சுமார் இரண்டரையால் பெருக்க வேண்டும். 15 நாள், 38 நாள், 95 நாள், 237 நாள் என்று போகும். கூட்டிப் பாருங்கள், ஆறே தடவையில் ஒரு வருடத்தைத் தாண்டிவிடுகிறது. இடையில் தடுமாறினால் இடைவெளி மறுபடி சுருங்கும். 2006-இல் வந்த அன்கி என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கின் மேல்தான் எழுந்தது, இப்போது அதில் இன்னும் நுட்பமான கணக்குகளும் வந்துவிட்டன. அன்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று அர்த்தம். அந்தப் பெயரே முதல் சாராரின் சந்தேகத்துக்கு ஒரு காரணமோ என்னவோ.

கையின் நினைவு வேறு

இப்போதுதான் விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம்.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. சற்றுமுன் பேசியவரையே புதியவராகப் பார்ப்பார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் தன் கையைப் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு வரைய வேண்டும். செய்து பார்த்தால் தெரியும், கை எதிர்ப்பக்கமாகவே போகும். மொலைசன் மூன்று நாள் பழகினார். ஒவ்வொரு நாளும் இதை நான் செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் கோடு மட்டும் நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டே வந்தது.

அதாவது, வாயால் சொல்லக்கூடிய நினைவும் கை கற்றுக்கொள்ளும் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளில் போகின்றன. முதலாவதைச் சொல்நினைவு என்றும் இரண்டாவதைக் கைநினைவு என்றும் அழைப்போம். வார்த்தை கேட்டு வார்த்தை சொல்லும் கார்டு சொல்நினைவை மட்டும்தான் வளர்க்கும். சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று நூறு கார்டு போட்டாலும் ஏறிய உடனே விழத்தான் செய்வோம். சித்திரமும் கைப்பழக்கம் என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான்.

ஆனால் எந்தத் தொழிலையும் பிரித்துப் பார்த்தால் அதற்குள் சொல்நினைவும் ஏராளமாகக் கலந்திருக்கிறது. தையல்காரருக்கு எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று தெரிந்திருக்க வேண்டும். நர்ஸுக்குச் சொட்டுக் கணக்கு வேண்டும். சி.பி.ஆர். செய்பவருக்கு 30-க்கு 2 வேண்டும். வேலையின் நடுவில் இதைத் தேடிக்கொண்டு நின்றால் கையும் நின்றுவிடும். அந்தத் துண்டுகளைக் கார்டு பார்த்துக்கொள்ளட்டும், கைக்குரியதைக் கை பழகட்டும். அந்தக் கைப்பழக்கத்தை எப்போது செய்வது என்பதற்கும் இதே இடைவெளிக் கணக்கைப் பயன்படுத்தலாம். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

தமிழ்99 பழகிய கதை

எனக்கு நேரடியாகத் தெரிந்த உதாரணம் தமிழ்99 விசைப்பலகை. பல வருடம் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’வை உச்சரிப்புப்படி அடித்துக்கொண்டிருந்தவன் நான். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த அமைப்பில் பன்னிரண்டு உயிரெழுத்தும் புள்ளியும் இடது கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும், எனவே ‘அம்மா’வுக்கு நான்கே விசை. ங-வுக்குப் பின் க அடித்தாலும் அப்படியே, தங்கம் என்பதில் ங்-இன் புள்ளியை நாம் போட வேண்டியதில்லை.

முதலில் நான் போட்ட கார்டு இப்படி: ‘க எந்த ஆங்கில விசையில் இருக்கிறது?’ பதில்: எச். இரண்டு வாரத்தில் எல்லாக் கார்டுக்கும் சரியாகப் பதில் சொன்னேன், ஆனால் டைப் செய்ய உட்கார்ந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ‘க... எச்... எச் எங்கே...’ என்று மனது ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. கார்டு கேட்ட கேள்வியும் வேலை கேட்ட கேள்வியும் வேறு வேறு.

கார்டை மாற்றினேன். ‘விரல்களை மேசை மேல் வை. க அடி.’ பின்பக்கம்: ‘வலது ஆள்காட்டி விரல், உள்பக்கம் ஒரு விசை தள்ளி.’ பதிலை வாயால் சொல்லாமல் விரலால் செய்தேன். 31 எழுத்தும் இப்படி நகர்ந்த பிறகு சொற்களைச் சேர்த்தேன், அதுவும் தானாகப் புள்ளி விழும் விதி தடுமாறவைக்கும் சொற்களாகப் பார்த்து. ‘பப்பாளி’ அருமையான கார்டு: ப-வை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்திலேயே புள்ளி விழுந்துவிடும், அதனால் முதல் ப-வுக்குப் பின் அ அடித்து நிறுத்திவிட்டு அடுத்த ப-வுக்குப் போக வேண்டும். இதை விளக்கமாகப் படித்தபோது மறந்துகொண்டே இருந்தேன், பப்பாளியை அடித்த பிறகு மறக்கவில்லை.

இதோடு தினமும் இருபது நிமிடம் உண்மையான டைப்பிங். இருபது நிமிடம் போதுமா என்று தோன்றும். 1978-இல் வெளியான ஆய்வு ஒன்றில் பேட்லி, லாங்மேன் என்பவர்கள் பிரிட்டனின் தபால் ஊழியர்களுக்கு டைப்பிங் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் ஒரு மணி நேரம், இன்னொரு குழுவுக்குத் தினமும் இரண்டு இரண்டு மணி நேரமாக நான்கு மணி நேரம், நடுவே வேறு குழுக்களும் உண்டு. மொத்த மணிக்கணக்கில் பார்த்தால் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள்தான் குறைந்த நேரத்தில் கற்றார்கள். ஆனால் நாள்கணக்கில் அவர்களுக்கு அதிக நாள் பிடித்தது, பயிற்சி முறையைப் பற்றித் திருப்தி குறைவாக இருந்ததும் அவர்களிடம்தான். இந்த அதிருப்தியை நானும் முழுமையாக உணர்ந்தேன். இடைவெளி விட்டுப் பழகும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மறந்த நிலையில் ஆரம்பிப்பதால், முன்னேறாத மாதிரியே இருக்கும். அந்த உணர்வை நம்பி முறையைக் கைவிடாதீர்கள்.

சுருக்கமாக: வேலையின்போது மனதுக்கு என்ன கேள்வி வருமோ அதே கேள்வியைக் கார்டு கேட்க வேண்டும், பதிலும் முடிந்தவரை செயலாக இருக்க வேண்டும்.

செய்யச் சொல்லும் கார்டு

இதை ஒரு படி மேலே கொண்டுபோனால், கார்டு கேள்வித்தாளாக இருப்பதை விட்டுவிட்டு வேலை உத்தரவாக மாறும். ‘தலையணை மேல் ஒரு நிமிடம் அழுத்து, எண்ணு. 100-க்கும் 120-க்கும் நடுவில் வந்ததா?’ இது என் சி.பி.ஆர். கார்டுகளில் ஒன்று. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்பது பெரியவர்களுக்கான அழுத்த வேகம், ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல். வேகத்தைத் தலையணையில் பழகலாம், ஆழத்தைப் பழக முடியாது. அதற்குப் பயிற்சிப் பொம்மையிடம்தான் போக வேண்டும், ‘பயிற்சி வகுப்புக்கு மறுபடி பதிவு செய்’ என்பதையே ஒரு கார்டாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு கார்டு: ‘பேருந்து நிலையத்தில் ஒருவர் சரிந்து விழுகிறார். தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை. முதலில் என்ன?’ பக்கத்தில் நிற்கும் ஒருவரைச் சுட்டி 108-ஐ அழைக்கச் சொல்லி, நடுமார்பில் கை வைத்து அழுத்த ஆரம்பிப்பது. ‘சி.பி.ஆர். என்றால் என்ன?’ என்ற கார்டால் அந்தப் பேருந்து நிலையத்தில் எந்தப் பயனும் இல்லை.

கணக்கு சம்பந்தப்பட்ட வேலைகளில் ஒரு பொறி இருக்கிறது. நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கு, ‘500 மி.லி. குளுக்கோஸ், 4 மணி நேரம், சொட்டுக் குழாய் செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை?’ என்று கார்டு போட்டால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்துச் சுமார் 42 என்று முதல் தடவை கணக்குப் போடுவார்கள். நான்காம் தடவை ‘500’ என்று பார்த்ததுமே 42 என்று வாய் சொல்லிவிடும். கணக்கு மறந்துபோய் அந்தக் கார்டின் முகம் மட்டும் மனப்பாடமாகிவிட்டது. நேரத்தை 6 மணி என்று மாற்றினால் 28 வர வேண்டும், அவர்கள் தடுமாறுவார்கள். எனவே கார்டில் எண்ணை எழுதாமல், ‘நீயே மூன்று எண் எடுத்துக்கொண்டு சொட்டுக் கணக்குப் போடு’ என்று எழுதுங்கள், பின்பக்கம் வழியை மட்டும் வையுங்கள்.

இப்படி இடைவெளி விட்டுக் கையைப் பழக்குவது நுட்பமான வேலைகளிலும் உதவுகிறதா என்று கேட்டால், 2006-இல் டொராண்டோவில் மோல்டன் குழுவினர் நடத்திய சோதனை ஒன்று இருக்கிறது. 38 இளம் அறுவை மருத்துவர்களுக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்க நான்கு பாடங்கள். பாதிப் பேருக்கு நான்கும் ஒரே நாளில், மீதிப் பேருக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். பாடம் அதே, மொத்த நேரம் அதே. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகப் படித்தவர்கள் மேலாகச் செய்தார்கள்.

கொஞ்சம் கவனம் தேவைப்படும் இடங்கள்

கார்டு எதையும் முதன்முதலாகக் கற்றுத் தராது. ஒரு முடிச்சை ஆள் வைத்தோ வீடியோ பார்த்தோ ஒரு தடவையாவது சரியாகப் போட்டுப் பழகிய பிறகுதான் அதற்குக் கார்டு. புரியாததைக் கார்டாக்கினால் தவறான முறைதான் உறுதியாகப் பதியும்.

அடுத்தவர் தயாரித்த கார்டுத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். மொழிச் சொற்களுக்கு அது ஓரளவு சரி. தொழிலுக்குச் சரிப்படாது, ஏனென்றால் நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. வேலை செய்யும்போது எந்த இடத்தில் நின்றீர்களோ, எதைத் திரும்பத் திரும்பத் தேடினீர்களோ அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, அன்று இரவு கார்டாக்குங்கள். அதுதான் உங்களுக்கு உரிய கார்டு. ஒரு கார்டில் ஒரே ஒரு விஷயம். ஏழு படிகளை ஒரே கார்டில் அடைத்தால் ஐந்து நினைவிருக்கும், இரண்டு மறக்கும், சரியா தவறா என்று மதிப்பிட முடியாமல் விழிப்பீர்கள்.

செயல் கார்டுகளுக்கு எது ‘சரி’ என்பதை முன்கூட்டியே பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்: இத்தனை வினாடிக்குள், ஒரு பிழை இல்லாமல். இல்லாவிட்டால் கிட்டத்தட்ட வந்தது போதும் என்று நம்மை நாமே தேற்றிவிடுவோம், கணக்கும் கார்டை மூன்று மாதத்துக்கு அப்பால் தள்ளிவிடும். கைப்பழக்கத்துக்கு 237 நாள் இடைவெளியெல்லாம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. அன்கியில் அதிகபட்ச இடைவெளியை நாமே நிர்ணயிக்கலாம், செயல் கார்டுகளுக்கு நான் 30 நாள் வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கையிலும் நிதானம் வேண்டும். இன்றைக்குச் சேர்க்கும் புதுக் கார்டு ஒவ்வொன்றும் நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதம் திரும்பி வரும். உற்சாகத்தில் தினமும் 20 கார்டு சேர்த்தவர்கள் இரண்டாம் மாதத்தில் நூற்றுக்கும் மேலே குவிந்ததைப் பார்த்து ஆப்பையே நீக்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் நாளைக்கு மூன்று, நான்கு போதும்.

எப்போது நிறுத்துவது?

தமிழ்99 கார்டுகளை நான் மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டேன். தினமும் டைப் செய்கிறேன், வேலையே எனக்குத் திருப்புதலாகிவிட்டது, இனிமேல் க எங்கே என்று யாராவது கேட்டால் விரலை அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தினசரி கைபடும் எந்தத் திறமைக்கும் இதுதான் நடக்கும், அப்போது அந்தக் கார்டுகளைத் தயங்காமல் நீக்கலாம்.

சி.பி.ஆர். கார்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, மொத்தம் பதினொன்று. அந்தப் பயிற்சிக்குப் பிறகு இன்றுவரை எனக்கு அது ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. தேவைப்படாமலே போகட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். வாழ்க்கை அதைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்பதால் கார்டுதான் கேட்டாக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம், தலையணையைத் தரையில் போட்டு ஒரு நிமிடம் எண்ணுகிறேன். போன மாதம் 112 வந்தது.